பக்டீரியாவிலிருந்து ஆர்.என்.ஏ.யைச் சிதையாமல் பிரித்தெடுத்தல்: திருகோணமலை வெக்கைக்கு ஏற்ற செய்முறை

ஈ.கோலை என்னும் பக்டீரியாவுக்குள் ஒரு பரம்பரையலகு இயங்கத் தொடங்கிவிட்டதா என்பதை அறிவதற்கு, அதிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ.யை அளக்க வேண்டும். அந்த மூலக்கூறுகளுள் பெரும்பாலானவற்றின் அரைவாழ்வு சில நிமிடங்களே என்பதால், வளர்ப்புக் குடுவையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு நடக்கும் நேரத்துக்குள்ளேயே நாம் அளக்க விரும்பியது மாறிப்போய்விடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் இவ்வேலையைச் செய்யும் மாணவர்கள், குளிரூட்டிய கூடங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட செய்முறைகளில் சிலவற்றை மாற்றிக்கொள்ளவே வேண்டும்.

முதலில் மேசையைக் கவனியுங்கள். ஆர்.என்.ஏ.யை வெட்டும் ஆர்.என்.ஏஸ் நொதியங்கள் நம் தோலிலும் வியர்வையிலும் தூசியிலும் இருக்கின்றன. அவற்றுள் நன்கறியப்பட்ட ஆர்.என்.ஏஸ்-ஏ நான்கு இருசல்பைட்டுப் பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டிருப்பதால், கொதிக்கவைத்து ஆறவிட்டாலும் தன் வடிவத்தையும் தொழிலையும் மீட்டுக்கொள்ளும். எனவே மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கையுறைக்குள் வியர்வை தேங்கி மணிக்கட்டில் வழியும்போதெல்லாம் புதிய சோடியை அணியுங்கள். ஒருமுறை, கையுறையோடு கைப்பேசியை எடுத்துப் பேசிவிட்டு அதே விரல்களால் குழாய்களின் மூடிகளைத் திறந்தேன். அன்று முழுநாளும் உழைத்துப் பெற்ற ஆர்.என்.ஏ., மூலக்கூறுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பட்டைகளாக அன்றி வெறும் தீற்றலாகவே தெரிந்தது.

பழகுவதற்கு, 1961இல் ஜாக்கொப்பும் மொனோவும் விளக்கிய லாக் ஒபரோனே, அதாவது லக்ரோசைப் பயன்படுத்த உதவும் பரம்பரையலகுத் தொகுதியே, சிறந்தது. கே-12 வகை ஈ.கோலையை, குளுக்கோசுக்குப் பதிலாகக் கிளிசரோல் உள்ள ஊடகத்தில், 37 பாகை செல்சியசில் குலுக்கி வளர்க்க வேண்டும். குளுக்கோசு இருந்தால் அந்த ஒபரோன் அடங்கியே கிடக்கும். கலங்கள் எவ்வளவு பெருகின என்பதைக் காட்டும் ஒளியடர்த்தி, 600 நனோமீற்றரில் 0.4 அளவை எட்டியதும், இறுதிச் செறிவு 1 மில்லிமோலராக அமையுமாறு, அந்த ஒபரோனை இயக்கிவிடும் சேர்வையான ஐ.பி.டி.ஜி.யைச் சேர்த்து, சேர்ப்பதற்குச் சற்று முன்பும், சேர்த்த பின் 2, 5, 10ஆம் நிமிடங்களிலும் மாதிரி எடுங்கள்.

இந்த முழுவேலையின் உயிர்நாடி மாதிரி எடுக்கும் அந்தக் கணந்தான். வளர்ப்பை ஐஸில் வைத்தாலே போதும் எனப் பலர் நினைக்கின்றனர். ஆனால், சடுதியான குளிர்கூடப் பக்டீரியாவுக்கு ஒரு செய்தியே. குளிர் தாக்கியதும் அது சி.எஸ்.பி.ஏ போன்ற பரம்பரையலகுகளின் தூதுகளைப் பெருக்கிக்கொள்ளும். ஆகவே, 95 பங்கு எதனோலும் 5 பங்கு பீனோலும் கலந்த நிறுத்தற் கரைசலில் 1 மில்லிலீற்றரை ஒவ்வொரு குழாயிலும் முன்கூட்டியே இட்டுவைத்து, அதற்குள் 8 மில்லிலீற்றர் வளர்ப்பை ஊற்றி உடனே கலக்குங்கள். அதன் பின்னரே ஐஸ். மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் ரெஜிபோம் பெட்டியில், கட்டிகளாக அன்றி நொறுக்கிய ஐஸை நிரப்பிச் சிறிது நீரும் ஊற்றினால், குழாயின் சுவரெங்கும் குளிர் படும். பீனோல் தோலைச் சுடும். தொட்ட இடத்தை மரத்துப்போகச் செய்வதால் காயம் பிந்தியே தெரியவரும். புகைக்கூண்டுக்குள் மட்டும் அதைக் கையாளுங்கள்.

கலங்களை 4 பாகையில் மையநீக்கிப் பெற்ற வண்டலை, குவானிடினியம் தயோசயனேற்றும் பீனோலும் கலந்த 1 மில்லிலீற்றர் கரைசலில் கரையுங்கள். 1987இல் சொம்சின்ஸ்கியும் சாக்கியும் வெளியிட்ட முறையின் வழிவந்தது இது. 0.2 மில்லிலீற்றர் குளோரோபோம் சேர்த்துக் குலுக்கி மையநீக்கினால் மேலே தெளிந்த நீர்ப்படை நிற்கும். அதை முழுவதும் உறிஞ்ச ஆசைப்படாதீர்கள். இடைப்படையின் வெண்மை சற்று வந்தாலும் டி.என்.ஏ.யும் புரதமும் கூடவே வந்துவிடும். ஐசோபுரொப்பனோலால் வீழ்படிவாக்கி, 75 சதவீத எதனோலால் கழுவுங்கள். மின்தடை ஏற்பட்டால் நிறுத்திவைக்கத்தக்க இடம் இதுவே. எதனோலுக்குள் கிடக்கும் வீழ்படிவு, சாதாரண குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகையிற்கூட ஒரு வாரம் தாங்கும். நீரில் கரைத்த பின்னரோ அந்தப் பாதுகாப்பு இல்லை. மின்சாரம் உறுதியாக இருக்கும் நாளில் மட்டும் நீரில் கரையுங்கள்.

ஜெல்லில் 23எஸ், 16எஸ் ஆகிய இரு இறைபோசோம் ஆர்.என்.ஏ. பட்டைகளும் கூர்மையாகத் தெரிந்து, மேலுள்ளது கீழுள்ளதைப் போல ஏறத்தாழ இருமடங்கு ஒளிர்ந்தால் ஆர்.என்.ஏ. முழுமையாக உள்ளது. 260, 280 நனோமீற்றர்களில் அளந்த ஒளியுறிஞ்சல்களின் விகிதம் 2.0ஐ அண்மித்திருப்பது தூய்மையை மட்டுமே காட்டும், சிதைந்த ஆர்.என்.ஏ.யும் அதே எண்ணைத் தரும். ஆகவே ஜெல்லைத் தவிர்க்க வேண்டாம்.

எஞ்சிய டி.என்.ஏ.யை நொதியத்தால் அகற்றிய பின், அளப்பதற்காக ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக எதிர்ப்படியெடுக்கும்போது, நமது கலங்களுக்குப் பயன்படும் ஒலிகோ-டி.டி. முதன்மியை (படியெடுப்பைத் தொடக்கிவைக்கும், தைமின்களாலான குறுந்துண்டை) இங்கே எடுக்காதீர்கள். பக்டீரியத் தூதுகளில் அது பற்றிக்கொள்ளத்தக்க நீண்ட அடினின் வால் இல்லை. எழுமாற்று வரிசையில் ஆறு அலகுகள் கொண்ட அறுபகுதி முதன்மிகளே பொருந்தும். எதிர்ப்படியெடுக்கும் நொதியம் சேர்க்காத குழாய் ஒன்றையும் ஒவ்வொரு மாதிரிக்கும் உடன் வையுங்கள். அதிலும் சமிக்ஞை வந்தால், நீங்கள் அளப்பது தூதை அன்று, எஞ்சிய டி.என்.ஏ.யையே.