சூழல் ஆவணப்படம் பாக்கேக்க காசும் கட்சியும் எங்கால வருதெண்டு கண்டுபிடிக்கிறது எப்பிடி

மன்னார் காத்தாலை, கொக்கிளாய் இல்மனைற் கனிய மணல், வில்பத்துக் காடு, மணல் டிப்பர், இந்தியன் ரோலர் மீன்பிடிப் படகு எண்டு எது கிளம்பினாலும் ஒரு கிழமைக்குள்ள வட்சப்பில நாலு வீடியோ வந்திடும். ட்ரோன் ஷொட், சோகமான மியூசிக், நடுவில ஒரு ஐயா அழுதபடி கதைப்பார், பாத்து முடியேக்க ஆருக்கெண்டாலும் கோவம் வரும். கோவப்படுங்கோ, அது உங்கட பாடு. ஷெயார் பண்ணமுதல் இதையும் செய்து பாருங்கோ.

முதல் வேலை, படத்தின்ர கடைசிக்குப் போறது. எழுத்து ஓடுற இடத்தில நிப்பாட்டி தயாரிப்பு, அனுசரணை, நன்றி மூண்டையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ. அனுசரணை எண்டு பேர் போடக் கூச்சப்படுற ஆக்கள் நன்றி லிஸ்டுக்குள்ளதான் ஒளிஞ்சிருப்பினம், வாகனம் குடுத்தது, ஹோட்டல் குடுத்தது, சைட்டுக்குள்ள போக அனுமதி எடுத்துக் குடுத்தது எல்லாம் அதுக்குள்ள கிடக்கும். பிறகு ஒவ்வொரு பேரையும் கூகிளில போடுங்கோ. யூடியூப் எண்டா கட்டண விளம்பரம் எண்ட குறிப்பு தொடக்கத்தில வருதோ எண்டு பாருங்கோ, ஆனா அது சனல்காரர் தாங்களாத் தெரிவு செய்தாத்தான் வரும், வராட்டி காசு வாங்கேல்ல எண்டு அர்த்தமில்ல. பேஸ்புக் பேஜ் எண்டா பேஜ் ட்ரான்ஸ்பேரன்சி எண்ட பகுதிக்குள்ள போனா எப்ப தொடங்கினது, முந்தி என்ன பேர், அட்மின்மார் எந்த நாட்டில இருக்கினம் எல்லாம் தெரியும். போன எலெக்ஷனுக்கு ஒரு வேட்பாளருக்கு வாக்குக் கேட்ட பேஜ் இப்ப காடு காக்கிற பேஜா மாறி நிண்டா உங்களுக்கு மிச்சம் நான் சொல்லத் தேவையில்ல.

காசு ஆற்ற எண்டு தெரிஞ்ச உடன படம் முழுக்கப் பொய் எண்டு தள்ளவும் கூடாது, கனபேர் விடுற பிழை இது. 2006இல வந்த மைன் யுவர் ஓன் பிஸினஸ் எண்ட படத்தைப் பாருங்கோ, ருமேனியாவில ரோஷியா மொன்டானா எண்ட ஊரில தங்கச் சுரங்கம் வேணும், வெளிநாட்டுச் சூழல்காரர்தான் ஏழையளின்ர வேலையைக் கெடுக்கினம் எண்டுற படம். அதுக்குக் காசு குடுத்தது அந்தச் சுரங்கத்தைத் தோண்ட நிண்ட கேப்ரியல் ரிசோர்சஸ் எண்ட கனடாக் கொம்பனிதான், படம் எடுத்தவை அதை மறைக்கவும் இல்ல. வேலை வேணும் எண்டு அதில கதைச்ச சனம் உண்மையான சனம்தான். நாங்கள் கேக்கவேண்டியது, காணியை விக்கமாட்டம் எண்டு நிண்ட சனத்துக்கு எத்தின நிமிசம் குடுத்தவை எண்டுறது. அந்த இடத்தை 2021இல யுனெஸ்கோ உலக மரபுரிமையா எடுத்திட்டுது.

மற்றப் பக்கமும் சுத்தமில்ல. ஈக்குவடோர் காட்டில டெக்சாக்கோ எண்ணெய்க் கழிவு விட்டதுக்கு, பிறகு அதை வாங்கின செவ்ரோன் கொம்பனி மேல சனம் போட்ட வழக்கைப் பற்றி 2009இல குரூட் எண்டு ஒரு படம் வந்தது. படம் எடுக்கச் சொல்லி டைரக்டரைக் கேட்டது சனத்தின்ர பக்க வக்கீல், அந்தப் பக்கம் கேட்டதுக்காக ஒரு காட்சியை மாத்தினதும் பிறகு அமெரிக்கக் கோர்ட்டில வெளிய வந்தது. 600 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட எடிட் செய்யாத ரோ ஃபுட்டேஜை செவ்ரோன் கேட்டு வழக்காடினதும் அதாலதான். ஆரோட திரிஞ்சு, ஆரின்ர வாகனத்தில ஏறிப் படம் எடுத்தவை எண்டதும் காசு மாதிரித்தான்.

அடுத்தது என்னைக் கேட்டா எல்லாத்திலயும் பெரிய விசயம், கதை எந்த வருசத்தில தொடங்குது, எங்க நிக்குது எண்டு பாக்கிறது. வில்பத்து விசயத்தை எடுங்கோ. சண்டை முடிஞ்ச 2009க்குப் பிறகு காடு வெட்டினம் எண்டு தொடங்கிற வீடியோவில மன்னார் முசலிப் பக்கத்து முஸ்லிம் சனம் காடழிக்கிற ஆக்கள். 1990 ஒக்டோபரில புலிகள் அந்தச் சனத்தை வெளியேத்தினதில தொடங்கினா அதே சனம் இருவது வருசம் காடு மூடின தங்கட ஊருக்குத் திரும்பி வந்த ஆக்கள். ஆனா அப்பிடித் தொடங்கிற வீடியோவும் 2020 நவம்பரில மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு ஒதுக்குக் காட்டை வெட்டினது சட்டவிரோதம் எண்டு சொன்னதை விட்டிட்டு ஓடும். தெற்கில எந்தக் கட்சிக்கு எந்தத் தொடக்கம் வசதி, இஞ்ச எந்த அரசியல்வாதிக்கு எந்த முடிவு வசதி எண்டு யோசிச்சா படம் ஆருக்காக எடுத்ததெண்டு கிட்டத்தட்டப் பிடிபட்டிடும்.

மன்னாரிலயும் அப்பிடித்தான். இந்தியாவின்ர அதானி கொம்பனி 52 காத்தாடி போட வந்து, சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், கடைசியா 2025 பெப்ரவரியில கொம்பனி தானே விலகினது எல்லாருக்கும் தெரியும். அதானியை மட்டும் பறவை கொல்லியாக் காட்டிப்போட்டு, ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில மின்சார சபை போட்டு 2020 டிசம்பரில திறந்த மன்னார் தம்பபவனி காத்தாலையின்ர 30 காத்தாடியைப் பற்றி வாயே திறக்காட்டி, அந்தப் படத்துக்குப் பிரச்சினை பறவையோ இந்தியாவோ எண்டு கேளுங்கோ. கொம்பனி எடுக்கிற வீடியோவில காத்தாலையால வெள்ளம் தேங்குது எண்டு சொல்லுற சனமும் மீன்பிடிக்கிற ஆக்களும் வரவே மாட்டினம், அதையும் எழுதி வையுங்கோ.

சிங்களத்திலயோ இங்கிலீசிலயோ எடுத்த படம் எண்டா ஹெட்போனைப் போட்டு, மேல போட்ட குரலுக்குக் கீழ எங்கட ஆக்கள் தமிழில உண்மையா என்ன சொல்லுகினம் எண்டு கேளுங்கோ. இதை எங்களாலதான் செய்யேலும்.

நிபுணர் எண்டு வாறவரின்ர பேரையும் தேடுங்கோ, அந்தத் திட்டத்தின்ர சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைச் செய்த குழுவில அவர் இருக்கிறாரோ எண்டு. அந்த அறிக்கைக்குச் செலவழிக்கிறதே திட்டக்காரர்தான். இருந்தாலும் அறிக்கையை எடுத்து வாசியுங்கோ, சனம் கருத்துச் சொல்ல அதைக் கொஞ்சக் காலம் திறந்து வைக்கவேணும், வீடியோ சொல்லாத எத்தினையோ விசயம் அதுக்குள்ள கிடக்கும்.

அமைச்சோ திணைக்களமோ சம்பந்தப்பட்ட படம் எண்டு சந்தேகம் எண்டா 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில தமிழிலயே எழுதிப் போடுங்கோ. நீட்டி முழக்காமல் இந்த வீடியோவுக்கு உங்கட நிறுவனம் காசு குடுத்ததோ, எவ்வளவு, ஆருக்கு எண்டு மட்டும் கேளுங்கோ. தருவமோ மாட்டமோ எண்ட முடிவை 14 வேலை நாளுக்குள்ள சொல்லவேணும். தனியார் கொம்பனியிட்ட இப்பிடி நேர கேக்கிறது கஷ்டம், ஆனா அவைக்கு அனுமதி குடுத்த அரச நிறுவனத்திட்ட இருக்கிற பேப்பரைக் கேக்கலாம்.