ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ரோமுக்குள்ள கெடக்குற வெட்டி விட்ட ஐட்டங்கள நீங்களே தோண்டி எடுக்குறது எப்படி

யாராச்சும் வந்து "இந்த கேம்ல ஒரு கேரக்டர கடைசி நேரத்துல தூக்கிட்டாங்க தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா நீங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான், எந்த டைல் (படத்தோட குட்டிச் சதுரத் துண்டு), எந்த அட்ரஸ் (சிப்புல எந்த எடம்)? பதில் இல்லன்னா அது கதை. 1991ல கேப்காம் விட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இதுக்கு சரியான பயிற்சிக் களம், ஏன்னா அந்த கேம் ஓடுற ஆர்கேட் போர்டுல கம்ப்ரஷன் எல்லாம் பெருசா கெடையாது, வரைஞ்ச படம் வரைஞ்ச மாதிரியே சிப்புல உக்காந்திருக்கும், நாம பார்வைய மாத்திப் பாத்தா போதும்.

மொதல்ல ரோம், அதாவது கேம் இருக்குற சிப்புகளோட நகல். லிங்க் எல்லாம் கேக்காதீங்க, தரமாட்டேன். சொந்த போர்டு இருந்தா அதுலேர்ந்து எடுங்க, இல்லன்னா கேப்காமே விக்கிற கலெக்‌ஷன் இருக்கு, 2018ல வந்த 30வது ஆண்டு கலெக்‌ஷன்ல ஆர்கேட் வெர்ஷனே இருக்கு. கூட வேண்டியது பழைய ஆர்கேட் கேம கம்ப்யூட்டர்ல ஓட்டுற மேம் எம்யுலேட்டர், ஃபைல பைட் பைட்டா பாக்க ஒரு ஹெக்ஸ் எடிட்டர், சவுண்டுக்கு ஆடாசிட்டி, கொஞ்சம் பொறுமை. எந்த ரிவிஷன்ல பாக்குறோம்ங்கறத ஆரம்பத்துலயே குறிச்சு வெச்சுக்கோங்க, ஏன்னா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு மட்டும் யூஎஸ்ஏ 910206, வேர்ல்டு 910522னு ஏகப்பட்ட செட் இருக்கு, அந்த நம்பர் தேதி தான், வருஷம் மாசம் நாள். ஒரு ரிவிஷன்ல யூஸ் ஆகாதது இன்னொண்ணுல யூஸ் ஆகலாம்.

போர்டு பத்தி கொஞ்சம் தெரிஞ்சா தான் வேலை ஓடும். பேரு சிபிஎஸ்-1. மெயின் ப்ராசஸர் 68000, சவுண்டுக்கு தனியா ஒரு இசட்80. கிராஃபிக்ஸ் ரோம் மொத்தம் 6 எம்பி, 512 கேபி சிப் 12. ப்ரோகிராம் ரோம் 1 எம்பி தான். ஸ்ப்ரைட், அதாவது திரையில நகருற ஆளுங்க படம் எல்லாம் 16க்கு 16 பிக்சல் டைல், ஒரு பிக்சலுக்கு 4 பிட், அப்படின்னா ஒரு டைல் 128 பைட். 6 எம்பிய 128ஆல வகுத்தா 49152 டைல். இவ்ளோ தான் அந்த உலகமே! ஒரு ஞாயித்துக்கெழம உக்காந்தா முழுசையும் கண்ணால ஒரு ரவுண்டு பாத்துடலாம், அதனால தான் இந்த கேம வெச்சு ஆரம்பிக்கச் சொல்றேன்.

இப்ப கேம ஓட விட்டு எஃப்4 அழுத்துங்க. மொதல்ல பேலட், அதாவது கலர் பட்டியல் வரும், என்டர் அழுத்துனா டைல் வியூவர், இன்னொரு தடவ அழுத்துனா டைல அடுக்கி வெச்ச பின்னணி, அதாவது டைல்மேப். டைல் வியூவர்ல சதுர அடைப்புக்குறி கீய அழுத்தி 8, 16, 32ன்னு சைஸ் மாத்தலாம். எல்லாமே ஒரே ரோம் தான், ஆனா தப்பான சைஸ்ல பாத்தா படம் சிதறிக் கெடக்கும், அதப் பாத்து "ஆஹா கரப்ட் ஆன ரகசிய ஸ்ப்ரைட்"னு ஸ்க்ரீன்ஷாட் போட்டுடாதீங்க. இடது வலது ஆரோ கலர் மாத்தும். கலர் ஏன் கன்னாபின்னான்னு இருக்குன்னா டைல்ல கலரே கெடையாது, 0லேர்ந்து 15 வரைக்கும் நம்பர் மட்டும் தான், 15 வந்தா அந்த எடம் ட்ரான்ஸ்பரன்ட். கலர் ப்ரோகிராம்லேர்ந்து வருது. அதனால யூஸ் ஆகாத படம் கெடச்சாலும் அதோட ஒரிஜினல் கலர் என்னன்னு சொல்றது கஷ்டம், பச்சை கலர்ல தெரியுது அதனால இது பச்சை ஒடம்புக்காரன் ப்ளாங்காவுக்கு வரைஞ்சதுன்னு முடிவு பண்றது எல்லாம் வேலைக்கு ஆகாது.

மொத வேட்டைக்கு நிச்சயமா கெடைக்குற ஒண்ணு சொல்றேன், இது எனக்கு ரொம்ப புடிச்சது. டைட்டில் ஸ்க்ரீன்ல லோகோவுக்குக் கீழ "தி வேர்ல்டு வாரியர்"னு வரும்ல, அந்த லோகோ டைல்கள வியூவர்ல தேடிப் பாருங்க, வாரியர்ல ஓ வர வேண்டிய எடத்துல ஈ இருக்கும். ஸ்பெல்லிங் மிஸ்டேக்! கேரக்டர் எல்லாம் வரைஞ்ச அகிமான், அதாவது அகிரா யசுதா, ரிலீஸ் நெருங்குற நேரத்துல தான் இதக் கவனிச்சிருக்காரு, அதுக்குள்ள கிராஃபிக்ஸ் ரோம் முடிஞ்சு போச்சு, கை வைக்க முடியாது, ப்ரோகிராம மட்டும் தான் மாத்தலாம். அதனால ஏற்கனவே இருந்த எழுத்துத் துண்டுகளையே எடம் மாத்தி அடுக்கி, எல் எழுத்த ஐ மாதிரி காட்ட கைல்ங்கற கேரக்டரோட ஸ்ப்ரைட்லேர்ந்து ஒரு டைல எடுத்து மேல வெச்சு மறைச்சு ஒப்பேத்திட்டாங்க. ஸ்க்ரீன்ல சரியா இருக்கு, ரோம்ல தப்பு அப்படியே இருக்கு. வெட்டி விட்ட கன்டென்ட்னா பெரிய பாஸ் கேரக்டரா தான் இருக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு இது சப்புன்னு இருக்கலாம், எனக்கு இதுக்கு மேல ஒரு சாட்சி வேணாம்.

சரி, கண்ணால பாத்தாச்சு, சந்தேகப்படுற மாதிரி டைல் கெடச்சாச்சு. இது நெசமாவே யூஸ் ஆகலையான்னு எப்படி உறுதி பண்றது? இங்க தான் பாதிப் பேர் சோம்பேறித்தனம் பண்றாங்க. மேம்ல லூவாங்கற மொழியில குட்டி ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டலாம், அத வெச்சு ஒவ்வொரு ஃப்ரேம்லயும் எந்தெந்த ஸ்ப்ரைட் டைல் வரையப்படுதுன்னு லாக் எடுங்க. ஸ்ப்ரைட் லிஸ்ட் எங்க இருக்குன்னு போர்டோட கிராஃபிக்ஸ் சிப்பான சிபிஎஸ்-ஏல இருக்குற ரெஜிஸ்டர் சொல்லும், 800100ல இருக்குற நம்பர 256ஆல பெருக்குனா லிஸ்டோட அட்ரஸ், 900000ல ஆரம்பிக்கிற கிராஃபிக்ஸ் ரேமுக்குள்ள எங்கயாவது வரும். அட்ரஸ் மட்டும் ஹெக்ஸ்ங்க (பதினாறு அடிப்படை எண்), மறந்துடாதீங்க. ஒரு ஸ்ப்ரைட்டுக்கு 8 பைட், வரிசையா எக்ஸ், ஒய், டைல் நம்பர், அட்ரிப்யூட் (கலர் மாதிரி மத்த விவரம்), இப்படி அதிகபட்சம் 256 ஸ்ப்ரைட்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. அட்ரிப்யூட்டோட மேல் பைட்ல அகலம் உயரம் ஒளிஞ்சிருக்கு, அதாவது ஒரே என்ட்ரி பல டைல்கள ஒரு பிளாக்கா வரையலாம். நீங்க மொத டைல் நம்பர மட்டும் லாக் பண்ணா பக்கத்துல இருக்குற டைல் எல்லாம் "யூஸ் ஆகல"ன்னு வந்து நிக்கும், லிஸ்ட்ட பாத்ததும் பாதி கேம் வெட்டி விட்டது தான் போலன்னு தோணும். பிளாக்க விரிச்சு எல்லா நம்பரையும் டிக் அடிக்கணும். பின்னணி லேயர் மூணு இருக்கு, 8, 16, 32 சைஸ்ல, அதையும் சேத்து லாக் எடுக்கணும், ஆனா அங்க ரேம்ல இருக்குற நம்பரும் வியூவர் காட்டுற நம்பரும் அப்படியே ஒத்துப்போகாது, நடுவுல பேங்க் மாத்துற சிப் ஒண்ணு இருக்கு. மேம் சோர்ஸ் கோட்ல சிபிஎஸ்-1 ஃபைல்ல அந்த மேப்பிங் டேபிள் இருக்கு, அதப் பாத்து கணக்கு போட்டுக்கோங்க.

லாக் எடுக்கும்போது சும்மா நாலு மேட்ச் ஆடிட்டு முடிக்கக் கூடாது. எட்டு பேரையும் வெச்சு முழுசா முடிங்க, எல்லா என்டிங்கும் பாருங்க, தோத்துப் பாருங்க, டைம் அவுட் ஆக விடுங்க, டபுள் கேஓ ஆகி டிரா ஆகட்டும், ரெண்டு பேர் மோதுற மோட், போனஸ் ஸ்டேஜ் மூணையும் பாதியில விட்டும் முழுசா உடைச்சும் பாருங்க. ரியூ ஸ்டேஜ்ல பலகை உடையும், கென் ஸ்டேஜ்ல பேரல் உடையும், எதிரி சரியா அது மேல போய் விழுந்தா தான். அத ட்ரிகர் பண்ணாம விட்டா அந்த ஃப்ரேம் எல்லாம் பொய்யா சந்தேக லிஸ்ட்ல சேரும். யாரும் காசு போடாதப்ப தானா ஓடுற டெமோ, ரீஜன் மாத்துனா வர்ற வார்னிங் ஸ்க்ரீன், மெஷின செக் பண்ற சர்வீஸ் மோட், எல்லாமே லாக்ல வரணும். அலுப்பா தான் இருக்கும், வேற வழி இல்ல. டிப் ஸ்விட்ச் (போர்டுல இருக்குற குட்டி செட்டிங் சுவிட்ச்) மெனுவ பொறுமையா பாருங்க, அதுல ஃப்ரீஸ்னு ஒண்ணு இருக்கு, ஆன் பண்ணா கேம் அப்படியே நிக்கும், ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வசதி.

சவுண்ட் இத விட ஈசி. எஃப்2 அழுத்துனா சர்வீஸ் மோட், அதுல சவுண்ட் டெஸ்ட், நம்பர் நம்பரா போட்டுக் கேளுங்க, கேம்ல கேக்காத சத்தம் எதாவது வருதான்னு குறிச்சுக்கோங்க. அதுலயும் வராத சாம்பிள் இருக்கான்னு பாக்கணும்னா ரோமுக்கே போகணும். குரல், அடி சத்தம் எல்லாம் ஓகேஐ எம்எஸ்எம்6295ங்கற சிப் வாசிக்குது, சாம்பிள் ரோம் ரெண்டு, ஒவ்வொண்ணும் 128 கேபி, ரெண்டையும் ஒட்டிக்கோங்க. ஆரம்பத்துலயே 1 கேபி டேபிள், ஒரு சாம்பிளுக்கு 8 பைட், மொத 3 பைட் ஆரம்பம், அடுத்த 3 பைட் முடிவு, மிச்சம் சும்மா. ஆடாசிட்டில ரா டேட்டாவா இம்போர்ட் பண்ணி வாக்ஸ் ஏடிபிசிஎம், மோனோ, 7576 ஹெர்ட்ஸ்னு குடுத்தா மொத்தமும் வரிசையா பேசும். டேபிள்ல இல்லாத எடத்துல சத்தம் கேட்டா அது தான் ஜாக்பாட், ஏன்னா அத அந்த சிப்பால வாசிக்கவே முடியாது.

டெக்ஸ்ட் தேடுறவங்க வழக்கமா முட்டுற எடம் ஒண்ணு. ப்ரோகிராம் ரோம ஹெக்ஸ் எடிட்டர்ல தொறந்தா வார்த்தை எல்லாம் ஒரு எழுத்து விட்டு ஒரு எழுத்தா தெரியும். 68000 பதினாறு பிட்டா படிக்கிறதால ஒத்தப்படை பைட் ஒரு சிப்புல, இரட்டைப்படை பைட் இன்னொரு சிப்புல. 128 கேபி சிப் எட்டு, நாலு ஜோடி. ஜோடி ஜோடியா பைட்ட மாத்தி மாத்திக் கோத்தா தான் படிக்க முடியும். இல்லன்னா மேம்லயே இருக்குற டீபக்கர்ல (கேம் ஓடும்போதே உள்ள பாக்குற கருவி) மெமரி விண்டோவ தொறந்துக்கோங்க, அங்க கோத்தே தான் இருக்கும்.

டெக்ஸ்ட் கெடச்சதும் குதிக்காதீங்க. மோர்ட்டல் காம்பாட் மொத கேம்ல நடந்தது தெரியும்ல? கணக்குப் பாக்குற ஆடிட் மெனுல ரெப்டைல்ங்கற ரகசிய கேரக்டரோட கணக்குக்குக் கீழ எர்மாக்ஸ்னு ஒரு வரி இருந்துச்சு, உடனே ரகசிய சிவப்பு நிஞ்சான்னு ஊரெல்லாம் வதந்தி. உண்மையில அது எர்ரர் மேக்ரோவோட சுருக்கம், ப்ரோகிராம்ல தப்பு நடந்தா எண்ணி வெக்கிற கவுண்டர். வதந்தி ஓஞ்சபாடில்லன்னு 1995ல அல்டிமேட் மோர்ட்டல் காம்பாட் 3ல நெசமாவே எர்மாக்னு ஒருத்தர கொண்டு வந்துட்டாங்க, அது வேற கதை. அந்த வரி ரோம்ல இருந்தது உண்மை, ஆனா அது கேரக்டர் இல்ல. அதனால கெடச்ச டெக்ஸ்ட் அட்ரஸ்ல டீபக்கர் வழியா வாட்ச்பாயிண்ட் போட்டு யார் எப்ப படிக்கிறாங்கன்னு பாக்கணும், யாருமே படிக்கலன்னா அந்த அட்ரஸ சுட்டுற பாயிண்டர் ரோம்ல எங்கயாவது இருக்கான்னு தேடணும். பாயிண்டர் இருக்கு, ஆனா அந்தக் கோடுக்குப் போற வழி மட்டும் அடைச்சிருக்குன்னா அது வெட்டி விட்டது. பாயிண்டரே இல்லன்னா மிச்சம் மீதி. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, எழுதும்போது கலக்காதீங்க.

மூடி வெச்ச வழியத் தொறந்து பாக்க ரேம் தேடல் தான் கை குடுக்கும். சிபிஎஸ்-1 வொர்க் ரேம் எஃப்எஃப்0000லேர்ந்து 64 கேபி. டீபக் மோட்ல கேம ஆரம்பிச்சு சீட்இனிட் (cheatinit) கமாண்ட் குடுங்க, கேரக்டர் செலக்ட்ல கர்சர நகத்துங்க, சீட்நெக்ஸ்ட் (cheatnext) கமாண்டுக்கு மாறினதுன்னு சொல்லுங்க, நகத்தாம இருந்துட்டு மாறலன்னு சொல்லுங்க, நாலஞ்சு ரவுண்டுல லிஸ்ட் சுருங்கிடும். கேரக்டர் நம்பர் இருக்குற எடம் சிக்குனதும் எட்டு பேருக்கு வெளிய இருக்குற நம்பர் குடுத்துப் பாருங்க. இந்த மொத வெர்ஷன்ல நாலு பாஸும் நமக்குக் கெடையாது, 1992 சாம்பியன் எடிஷன்ல தான் குடுத்தாங்க. பாஸ்கள கையில எடுத்து எல்லா பட்டனையும் அழுத்திப் பாருங்க, எந்த அடிக்கு அனிமேஷன் இருக்கு, எங்க உடையுதுன்னு குறிங்க, கம்ப்யூட்டர் மட்டும் ஆடறதுக்குன்னு எவ்ளோ செஞ்சாங்கன்னு அதுல தெரியும். சேவ் ஸ்டேட் போட்டுட்டு பண்ணுங்க, ஹேங் ஆகுறது சகஜம்.

கடைசியா ஷெங் லாங்ங்கற இல்லாத கேரக்டர். எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி பத்திரிகை 1992 ஏப்ரல் இதழ்ல, ரியூவ வெச்சு அடியே வாங்காம கடைசி பாஸ் வரைக்கும் போயி அங்க பத்து ரவுண்டு தொடாம டிரா பண்ணா ஷெங் லாங் வருவாருன்னு போட்டாங்க, ஏப்ரல் ஃபூல் வேலை. அத இன்னமும் "கட் பண்ண கேரக்டர்"னு வீடியோ போடுறவங்க இருக்காங்க. 49152 டைல்லயும் அப்படி ஒரு ஆளே கெடையாது, நீங்களே எஃப்4 அழுத்திப் பாத்துக்கலாம்.

கெடச்சத எழுதி வெக்கும்போது செட் பேரு, டைல் நம்பர் இல்ல ரோம் ஆஃப்செட், எந்த பேலட் வெச்சுப் பாத்தீங்க, எதையெல்லாம் ஆடி செக் பண்ணீங்க, இந்த நாலும் இருக்கணும். கூடவே லூவா ஸ்கிரிப்ட்டையும் குடுத்துடுங்க, இன்னொருத்தர் ஓட்டி உங்க லிஸ்ட்லேர்ந்து ரெண்ட அடிச்சாலும் அடிப்பாரு.