தேடல் பதிவுகளில் கை வைக்கும் புதியவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த பையன் யார் என்ன தேடினார்கள் என்று பதிவான ஒரு ஃபைலைக் காட்டினான். பயனர் பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டிருந்தான். "சார், இனி யாருன்னே தெரியாது. வெளியில கொடுத்துடலாமா?" பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானும் இதையே கேட்டவன்தான். பாஸ்வேர்டைப் பகிராதே, லேப்டாப்பைப் பூட்டு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பெயரை எடுத்தால் ஆள் மறைந்துவிட்டார் என்று நம்புவது

2006 ஆகஸ்டில் ஏஓஎல் (AOL) என்ற அமெரிக்க இணைய நிறுவனம், ஆராய்ச்சிக்கு உதவட்டும் என்று, சுமார் ஆறரை லட்சம் பேர் மூன்று மாதங்களில் தேடிய ஏறத்தாழ 2 கோடி தேடல்களை இணையத்தில் போட்டது. பெயர் இல்லை, ஆளுக்கொரு எண். ஒரு வாரத்துக்குள் நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஒரு எண்ணுக்குரிய மூதாட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹேக்கிங் எதுவும் இல்லை. தன் ஊர்த் தோட்டக்காரர்களையும், தன் குடும்பப் பெயர் கொண்டவர்களையும் அவர் தேடியிருந்தார். விரல் மரத்துப்போவதையும்தான். ஏஓஎல் ஃபைலை எடுத்துவிட்டது. அதற்குள் பிரதிகள் ஊரெல்லாம் போய்விட்டன.

இது தெரிந்தும் நான் செய்தேன். ஒரு ஷாப்பிங் தளத்தின் தேடல் பதிவில் ஃபோன் நம்பரை மட்டும் ஹேஷ் செய்து, அதாவது கணக்குப் போட்டு வேறொரு குறியீடாக மாற்றி, கல்லூரி ப்ராஜெக்ட் ஒன்றுக்குக் கொடுத்தேன். (நம் மொபைல் எண்கள் 6 முதல் 9 வரைதான் தொடங்கும். அதிகபட்சம் 400 கோடி. அத்தனையையும் ஹேஷ் செய்து ஒப்பிட, நல்ல கேமிங் கம்ப்யூட்டருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.) அதுகூடத் தேவைப்படவில்லை. ஜனங்கள் தேடல் பெட்டியில் எதை வேண்டுமானாலும் ஒட்டுவார்கள். ஒருவர் டெலிவரி முகவரியையே ஒட்டியிருந்தார். அதே எண்ணில் அடுத்த வரி, கர்ப்பப் பரிசோதனை கிட். மூன்றாம் நாள் அந்த மாணவி ஃபோன் செய்தாள்: "அண்ணா, இது எங்க அபார்ட்மென்ட். மூணாவது மாடி அக்கா."

ஃபைலை அழிக்கச் சொன்னேன், அழித்தாள். படித்ததை என்ன செய்வாள்? அந்த அக்காவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

"நம்ம டேட்டா சின்னதுதானே" என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஆளின் தேடல்களைக் கோத்துக் காட்டுவதுதான் விஷம். வெளியே கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பலர் தட்டிய சொற்களையும் எண்ணிக்கையையும் மட்டும் கொடுங்கள். ஓரிருவர் மட்டும் தேடியதை வெட்டி எறியுங்கள். உங்கள் அறிக்கை கொஞ்சம் சப்பென்று இருக்கும், இருக்கட்டும்.

"எப்பவாவது உதவும்" என்று பதிவுகளைச் சேர்த்து வைப்பது

உதவாது. அழிக்கும் தேதியை முதல் நாளே எழுதுங்கள்.

விதிமுறைப் பக்கத்தின் பின்னால் ஒளிவது

இன்காக்னிட்டோவில் (பிரவுசரின் தனிப்பட்ட முறையில்) இருந்தவர்களின் தகவலையும் சேர்த்ததாக 2020ல் கூகுள் மீது வழக்கு. சமரசத்தில், நூறு கோடிக் கணக்கில் பதிவுகளை அழிக்க 2024ல் ஒப்புக்கொண்டார்கள். பட்டனை அழுத்தியவர் மனதில் என்ன நினைத்தார் என்று பாருங்கள். நாற்பதாவது பத்தியில் நீங்கள் எழுதியதை அவர் படித்திருக்க மாட்டார்.

பதிவு ஃபைலை மெயிலில் அனுப்புவது

அனுப்பியாகிவிட்டதா? யார் யாருக்கு என்று இப்போதே எழுதி வையுங்கள்.