சினை பார்க்காமல் போடும் ஊசி

சென்ற வாரம் பயிற்சிக்கு வந்த இளம் கால்நடை மருத்துவர் ஒருவர், கொட்டிலுக்குள் நுழைந்ததும், கையுறையை மாட்டும் முன்பே, பருவத்துக்கு வரவழைக்கும் புராஸ்டகிளாண்டின் ஊசி மருந்தை எடுத்து வைக்கச் சொன்னார். பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்ததும் அதுவேதான். இப்படிப் புதியவர்கள் செய்யும் தவறுகளைத்தான் கீழே சொல்கிறேன். செயற்கைக் கருவூட்டலுக்கான உறைவிந்துக் குச்சியை உருக்கும் முறை, கைச்சுத்தம் ஆகியவற்றை எல்லாரும் கற்றுத்தான் வருகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சினை பார்க்காமல் புராஸ்டகிளாண்டின் போடுவது

பசுவின் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாட்கள் கொண்டது. சினைப்பையில் முட்டை வெளிப்பட்ட இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற திசு வளர்ந்து புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது; அந்தச் சுரப்பு இருக்கும்வரை மாடு பருவத்துக்கு வராது. சினை பிடிக்காவிட்டால் ஏறத்தாழ 17ஆம் நாளில் கருப்பையே புராஸ்டகிளாண்டினைச் சுரந்து கார்பஸ் லூட்டியத்தைக் கரைத்துவிட, அடுத்த பருவம் தொடங்குகிறது. நாம் போடும் ஊசியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் சினை மாட்டில் கருவைக் காத்து நிற்பதும் அதே கார்பஸ் லூட்டியம்தான் என்பதால், முதல் ஐந்து மாதங்களுக்குள் அதைக் கரைத்தால் மாடு கருவை வீசிவிடும்.

சினைப்பையில் கார்பஸ் லூட்டியம் தட்டுப்பட்டதுமே ஊசி போடத் துணிவதுதான் இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுகிறது. சுழற்சியில் இருக்கும் மாட்டிலும் சினை மாட்டிலும் அது விரலுக்கு ஒன்றுபோலவே தெரியும். வேறுபாட்டைச் சொல்வது கருப்பையின் கிளையான கருப்பைக் கொம்புதான்.

அன்று ஒரு மாலை, பொழுது சாயும் நேரத்தில், "கன்று போட்டு ஆறு மாதமாகியும் சினைக்கு வரவில்லை, ஐயா" என்று வீட்டுக்காரர் சொன்னதை நம்பி, கருப்பையைத் தொட்டுப் பார்க்காமலே ஊசி போட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவர் மனைவி வைக்கோல்மேல் கிடந்ததைக் காட்டினார். பெருச்சாளி அளவுக்கு இருந்த அந்தக் கருவில் குளம்புகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. மேய்ச்சலில் ஊர்க் காளை சேர்ந்தது அவருக்குத் தெரியும், கணவருக்குத் தெரியாது, நான் அந்த அம்மாவிடம் கேட்கவுமில்லை. அந்த வீட்டின் பால் வருமானத்தில் பல மாதங்கள் என் கையால் பின்தள்ளிப் போயின.

ஆகவே மாட்டை மேய்ப்பவர், பால் கறப்பவர் இருவரையும் தனித்தனியே கேளுங்கள். கேட்டபின்னும் ஆசனவாய் வழியே கையை விட்டுக் கருப்பையைத் தொட்டுப் பாருங்கள். 35 நாட்களுக்கு உட்பட்ட சினையைக் கையால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், ஐயம் இருந்தால் ஊசியைத் தள்ளிவைத்து மீண்டும் போய்ப் பாருங்கள்.

பருவம் முடிந்த ஐந்து நாளுக்குள் புராஸ்டகிளாண்டின் போடுவது

இளம் கார்பஸ் லூட்டியம் கரையாது, மருந்துதான் வீண்.

இரத்தக் கசிவைக் கண்டு சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடுவது

பருவம் முடிந்த ஓரிரு நாளில் சில மாடுகளுக்கு, குறிப்பாகக் கிடேரிகளுக்கு, வாலில் இரத்தக் கறை தெரியும். அப்போது முட்டை வெளிப்பட்டுக் காலம் கடந்திருக்கும். நாளைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஏறத்தாழ 19 நாட்கள் கழித்துக் கவனிக்கச் சொல்லுங்கள்.

எருமையின் கத்தலுக்குக் காத்திருப்பது

பருவத்துக்கு வந்தாலும் பல எருமைகள் கத்துவதே இல்லை. பருவ அறிகுறிகளை இரவிலும் விடியலிலும் பார்க்க வேண்டும்.

மருந்தை வெறுங்கையால் தொடுவது

புராஸ்டகிளாண்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் சேரும். கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்துக் குப்பியைக் கையாளவே கூடாது. கொட்டிலில் உதவிக்கு நிற்கும் பெண்ணிடம் அதைப் பிடித்துக்கொள்ளக் கொடுப்பதையும் நிறுத்துங்கள்.