கிராபிக்ஸ் காட் மாத்த முதல் பவர் சப்ளையைப் பாருங்கோ (வன்னிப் பெடியளுக்கு)

புதுக் காட் போடப்போற ஆக்கள் கடைக்குப் போக முதல் கொம்பியூட்டரின்ர பக்க மூடியைக் கழட்டி, உள்ள இருக்கிற பவர் சப்ளையில ஒட்டியிருக்கிற லேபிளை வாசியுங்கோ. பெரிய எழுத்தில 500 வாட்ஸ் எண்டு கிடக்கும், அதை விடுங்கோ, கீழ சின்னக் கட்டத்தில 12 வோல்ட் எண்டு ஒரு இடம் இருக்கும், அதுக்குக் கீழ 18 ஆம்ப் எண்டு போட்டிருந்தால் 12ஐ 18ஆல பெருக்குங்கோ, 216 வாட்ஸ். காட்டுக்கும் சிபியூக்கும் சேத்து அதால குடுக்க ஏலுமானது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்ல காட்டின கணக்கு, இப்பத்தைய மெஷினுக்கு அது பெரிசாத் தேவைப்படாது. ஒழுங்கான 550 வாட்ஸ் சப்ளை எண்டால் அதே இடத்தில 45 ஆம்ப் கிட்ட நிக்கும்.

இனி கணக்கு. ஆர்டிஎக்ஸ் 3060 எடுத்தால் காட்டுக்கு 170 வாட்ஸ், ரைசன் 5 5600 சிபியூக்கு கூடினது 76, போர்ட், ராம், எஸ்எஸ்டி, ஃபான் எல்லாத்துக்கும் ஒரு 60 வையுங்கோ, 300 சொச்சம் வரும். அப்ப ஏன் காட் செய்யிற என்விடியா கம்பெனி 550 வாட்ஸ் சப்ளை கேக்குது எண்டால், காட் எப்பவும் ஒரே அளவில இழுக்காது, கண் வெட்டுற நேரத்திலயும் குறைஞ்ச ஒரு துளி நேரத்துக்கு ரெண்டு மடங்கு கிட்டக் கூட இழுக்கும், சப்ளை அதைத் தாங்கேல்ல எண்டால் கேம் நடுவில மெஷின் படக்கெண்டு ஓஃப் ஆகும். 4060 வெறும் 115 வாட்ஸ்தான், அதுக்கும் 550 போதும். 3070க்கும் 4070க்கும் 650, 3080 எண்டால் 750. செக்கண்ட் ஹாண்ட் 3080 மலிவா வந்தாலும் சப்ளைக்கும் சேத்துக் காசு இருந்தால் மட்டும் கை வையுங்கோ.

றீகண்டிஷன் டெல், எச்பி மெஷின் வச்சிருக்கிற ஆக்கள் கொஞ்சம் நில்லுங்கோ. கனக்க மொடலில சப்ளையின்ர அளவும் வேற, போர்ட்டுக்குப் போற பிளக்கும் வேற, சாதாரண 24 பின் பொருந்தாது. அப்பிடிப்பட்டதுக்கு தனிப் பவர் வயர் தேவைப்படாத ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி ஒண்டு சரிவரும், போர்ட்டின்ர ஸ்லொட் குடுக்கிற 75 வாட்ஸ்லயே அது ஓடும்.

வயர் விசயத்தில விளையாடாதேங்கோ. காட்டுக்குப் போறது 6+2 எண்டு பிரிஞ்சிருக்கும், சிபியூக்குப் போறது 4+4, பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளுக்க பிளஸ் மைனஸ் மாறிக் கிடக்கு, பலவந்தமாத் தள்ளினால் எரியும். ரெண்டு 8 பின் கேக்கிற காட்டுக்கு சப்ளையிலயிருந்து ரெண்டு தனி வயர் இழுங்கோ. சாட்டா பிளக்கை (ஹாட்டிஸ்குக்குப் போறது) காட் பிளக்கா மாத்துற அடப்டர் வேண்டவே வேண்டாம், அந்தச் சாட்டா பிளக் தாங்கிறது 54 வாட்ஸ், காட்டின்ர 8 பின் 150 வரைக்கும் இழுக்கும். பழைய மொடியூலர் வயரை (சப்ளையிலயிருந்து கழட்டிப் பூட்டக்கூடியது) புது சப்ளையில குத்தவும் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும், ஹாட்டிஸ்க்தான் முதல்ல போகும்.

இப்ப எங்கட கரண்ட் கதை, எனக்கு இதுதான் கூடக் கவலை. லைன் கடைசியில இருக்கிற வீடுகளில பின்னேரம் பக்கத்துத் தோட்டத்து மோட்டரும் மில்லும் ஓடேக்க வோல்டேஜ் இறங்கும், லைற் மங்கிறதிலயே தெரியும். அதால லேபிளில இன்புட் 100 தொடக்கம் 240 வரைக்கும் எண்டு போட்டிருக்கிற அக்டிவ் பிஎப்சி (உள்ள வாற கரண்டைத் தானே சரிப்படுத்தி எடுக்கிற) சப்ளை எடுங்கோ, அது இறக்கத்தைத் தாங்கும். பின்பக்கம் சிவப்பா 115/230 சுவிட்ச் இருக்கிற பழசு எண்டால் அது 230லதான் நிக்கோணும், 115ல விட்டுப் போட்டால் வெடிக்கும்.

எர்த் இல்லாத பிளக்கில போட்டால் பெட்டியைத் தொடேக்க கை சுர்ரெண்டும். சப்ளைக்கு உள்ள இருக்கிற ஃபில்டர் கப்பாசிட்டர் வழியா வாற கசிவு அது, எர்த் வயரால இறங்க வேண்டியது இறங்க வழியில்லாமல் பெட்டியிலயே நிக்குது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் கம்பியைப் பாக்கச் சொல்லுங்கோ. கோடையில மண் காஞ்சு கிடக்கேக்க எர்த் பிடிக்கிறதும் குறையும், கம்பிக்குக் கிட்ட இடைக்கிடை தண்ணி ஊத்தினால் நல்லது. இடி மின்னல் நேரம் ஓஃப் பண்ணினால் காணாது, பிளக்கையே கழட்டோணும், ரவுட்டரிலயிருந்து வாற லேன் வயரையும் சேத்து.

யூபிஎஸ் வச்சிருக்கிற ஆக்களுக்கு: 650 விஏ எண்டு பெட்டியில போட்டாலும் கனக்க யூபிஎஸ்ல உண்மையா 360, 390 வாட்ஸ் அளவுதான், கேம் ஓடேக்க மெஷினும் மொனிட்டரும் சேந்து அந்த விளிம்பில நிக்கும். மலிவான யூபிஎஸ் தாற கரண்ட் சதுர அலை மாதிரி வரும், சில அக்டிவ் பிஎப்சி சப்ளைக்கு அது ஒத்துவராது, கரண்ட் போன உடன மெஷினும் சேந்து ஓஃப் ஆகும். ஏலுமெண்டால் பியூர் சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரியே வளைஞ்ச அலை தாற) யூபிஎஸ் வாங்குங்கோ. இருக்கிற யூபிஎஸ்ஸைத்தான் பாவிக்கப்போறியள் எண்டால், ரெண்டும் ஒத்துவருதோ எண்டு பாக்க புது சப்ளையைத் திருப்பிக் குடுக்கக்கூடிய நாளுக்குள்ளயே கேமை ஓடவிட்டு யூபிஎஸ் பூட்டியிருக்கிற சுவர் சுவிட்சை ஓஃப் பண்ணிப் பாருங்கோ. பிளக்கை இழுக்காதேங்கோ, எர்த்தும் சேந்து கழண்டிடும்.

சப்ளையில போட்டிருக்கிற 80 பிளஸ் முத்திரை புரொன்ஸா கோல்டா எண்டு கனபேர் கேக்கிறவை. அந்தப் பேர் சொல்றது கரண்ட் எவ்வளவு வீணாகுது எண்டதை மட்டும்தான். அரைவாசி லோடில புரொன்ஸ் 85, கோல்ட் 90 வீதம் எண்டு வச்சால், 300 வாட்ஸ் ஓட்டத்தில வித்தியாசம் 20 வாட்ஸ், நாளுக்கு 5 மணித்தியாலம் விளையாடினால் மாசம் 3 யூனிட். அதுக்காகக் கோல்ட் வாங்கத் தேவையில்ல. சீற் கூரை அறையில மெஷின் வச்சிருக்கிற ஆக்கள் அதை விட 40 பாகையா 50 பாகையா எண்டு பாருங்கோ, முழு வாட்ஸும் எந்தச் சூட்டில தரும் எண்ட கணக்கு அது, 50 போட்டிருக்கிறது எங்கட வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும். கம்பெனிப் பேரைப் பாத்து மட்டும் எடுக்காதேங்கோ, ஒரே கம்பெனியில நல்லதும் வரும் சுமாரும் வரும், மொடல் நம்பரைப் போட்டு யூடியூப்பில லோட் டெஸ்ட் பாருங்கோ.

வவுனியாவிலயோ கிளிநொச்சியிலயோ எடுத்தால் கொழும்பை விடக் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்ல எண்டுதான் நான் சொல்லுவன், பழுதானால் வாரண்டிக்கு பஸ்ஸில பாசல் போட்டு நாள்க்கணக்கில பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. பில்லில மொடலும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கோ. காசு பத்தேல்ல எண்டால் இந்த மாசம் சப்ளையை மட்டும் வாங்கிப் போடுங்கோ, பழைய காட் அதில சோக்கா ஓடும், புதுக் காட்டை ஆறுதலா எடுக்கலாம்.