நியூயார்க்கில் பேகல் வாங்க, வரிசையில் வாடாமல்

சனி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் மன்ஹாட்டனில் பேர்போன எந்த பேகல் (நடுவில் ஓட்டையுள்ள வட்ட ரொட்டி) கடைக்கும் போகாதீர்கள். முடிந்தால் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். முடியாதவர்களுக்குத்தான் மீதி. எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் எழுந்து, குளித்து, காபி குடித்துக் கிளம்பவே பத்தாகிவிடும். அதனால் அந்த நேரத்துக்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன்.

வரிசை நகராததற்குக் காரணம் பேகல் இல்லை, சாண்ட்விச். பேகல் ஏற்கெனவே தண்ணீரில் கொதித்து, அடுப்பில் வெந்து, கூடை கூடையாகக் காத்திருக்கிறது. உங்களுக்கு முன்னால் நிற்பவர் நாலு பேருக்கு நாலு விதமாகச் சொல்வார்: ஒன்றில் முட்டை, ஒன்றை டோஸ்ட் செய்யணும், ஒன்றில் லாக்ஸ் (உப்பில் ஊறிய சால்மன் மீன் துண்டு) வைத்து வெங்காயம் வேண்டாம். நேரமெல்லாம் அங்கேதான் போகிறது.

அதனால் நான் முழு பேகலாக, வெட்டாமல் வாங்குகிறேன். அரை டஜன் எள் போட்டதும் எவ்ரிதிங்கும் (எள், கசகசா, பூண்டு, வெங்காயம் எல்லாம் தூவியது) கலந்து, கூடவே ஒரு டப்பா ஸ்காலியன் (வெங்காயத்தாள்) கிரீம் சீஸ். சில கடைகளில் இப்படி வாங்குபவர்களைத் தனியாக, சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பலகை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வரிசையின் வாலில் போய் நிற்பதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்து, “முழு பேகல் மட்டும்தான், எங்கே நிற்கணும்?” என்று கேட்டுவிடுங்கள். இங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. டஜனாக வாங்கினால் பதின்மூன்று தரும் கடைகளும் உண்டு.

இன்னொரு லாபம். நியூயார்க்கில் வெட்டாத பேகலைக் கையில் வாங்கிப் போனால் விற்பனை வரி கிடையாது. கடைக்காரர் அதை இரண்டாக வெட்டிக் கொடுத்தால் நகரத்தில் 8.875 சதவீதம் வரி. கத்தி பட்டாலே காசு! என் அத்தை சுத்த சைவம். அவருக்கு வரியைப் பற்றிக் கவலையில்லை, “அதே கத்தியாலதானே மீனையும் வெட்டியிருப்பான்?” என்பதுதான் கவலை. வெட்டாத பேகல் அந்த வழக்கையும் தீர்த்துவிட்டது. பக்கத்துப் பூங்காவில் பெஞ்ச் பிடித்து, கையால் பிய்த்து, கிரீம் சீஸில் தோய்த்துச் சாப்பிடுகிறோம். பேப்பர் நாப்கின் மட்டும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். எள் எங்கும் கொட்டும்.

சாண்ட்விச்தான் வேண்டும் என்றால் வார நாளில், அலுவலகக் கூட்டம் கலைந்த பிறகு, பத்து மணி வாக்கில் போங்கள். மதியத்துக்கு மேல் கூட்டம் இருக்காது, ஆனால் எவ்ரிதிங் தீர்ந்திருக்கலாம். முறை வந்ததும் பேகல் வகை, டோஸ்ட் வேண்டுமா வேண்டாமா, உள்ளே என்ன என்ற வரிசையில் ஒரே மூச்சில் சொல்லுங்கள். தொட்டால் சுடுகிற பேகலை டோஸ்ட் செய்யச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அதற்கு நேரமும் தண்டம்.

ஆப்பில் ஆர்டர் செய்யும் வசதி இருந்தால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். வாசலில் நின்றுகொண்டு போட்டால் ஞாயிற்றுக்கிழமை அதுவும் நாற்பது நிமிடம் என்று காட்டும்.

1914-இல் தொடங்கி, இப்போது ஹியூஸ்டன் தெருவில் இருக்கும் ரஸ் அண்ட் டாட்டர்ஸ் என்ற புகையிட்ட மீன் கடையில் கதையே வேறு. அங்கே நம்பர் சீட்டு. உள்ளே நுழைந்ததும் முதலில் சீட்டைக் கிழியுங்கள், மீனை அப்புறம் வேடிக்கை பார்க்கலாம். சீட்டு இல்லாமல் பதினைந்து நிமிடம் பொறுமையாக நிற்கும் பாவப்பட்டவர்கள் அங்கே எப்போதும் இருப்பார்கள்.

யூதர்களின் நாட்காட்டியையும் ஒரு கண் பாருங்கள். யோம் கிப்பூர் விரதத்தை மாலையில் பேகலும் புகையிட்ட மீனும் வைத்து முடிக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அதற்கு முந்தைய ஓரிரு நாள் அந்தக் கடைகள் பக்கமே தலை வைக்காதீர்கள்.

மிஞ்சியதை அன்றைக்கே இரண்டாக வெட்டி ஃப்ரீசரில் போடுங்கள். மறுநாள் வரை வெளியே வைத்தால் கல்லாகிவிடும். வேண்டும்போது உறைந்த நிலையிலேயே டோஸ்டரில் போடலாம். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம், ரப்பர் மாதிரி இழுக்கும்.