கோமோ ஏரிக்குப் போகிறீர்களா? லெக்கோவில் தங்குங்கள்

இத்தாலிக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்கள், நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததும் கேட்பது இதுதான்: கோமோ ஏரியில் எங்கே ரூம் போடலாம்? பலரும் பெல்லாஜியோ என்பார்கள். அழகான ஊர்தான், ஆனால் ரயில் கிடையாது, சீசனில் வாடகை கையைக் கடிக்கும். கோமோ நகரத்தில் ரயில் உண்டு, கூட்டமும் உண்டு. என்னைக் கேட்டால் லெக்கோ.

ஏரியின் தென்கிழக்கு முனையில் இருக்கும் இந்த ஊர் இரும்புத் தொழிலில் வளர்ந்தது. சுற்றுலாவை மட்டும் நம்பிப் பிழைக்கும் ஊர் இல்லை. மிலான் பொலிடெக்னிக்கின் வளாகம் ஒன்றும் இங்கே இருக்கிறது.

முக்கியமான விஷயம் ரயில். மிலானின் பெரிய ஸ்டேஷனான மிலானோ சென்ட்ராலேயிலிருந்து சுமார் 40 நிமிடம். அதே ரயில் வடக்கே வரென்னா என்ற ஏரிக்கரை ஊர் வழியாக, சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் திரானோ வரை போகிறது. லெக்கோவில் ஏறினால் இடப்பக்கம் உட்காருங்கள், ஏரி கூடவே வரும். வரென்னா இருபது நிமிடம்தான். ஸ்டேஷன் பலகையில் 'வரென்னா எசினோ பெர்லேதோ' என்றிருக்கும், குழம்ப வேண்டாம். அங்கிருந்து பெல்லாஜியோவுக்குப் படகில் கால் மணி நேரம். பகலில் சுற்றிவிட்டு இரவு லெக்கோவுக்குத் திரும்பிவிடலாம். லெக்கோவிலிருந்தே படகில் போகலாம் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள், சேவை குறைவு. பெர்கமோவுக்கும் நேரடி ரயில் இருப்பதால், அங்கே மலிவு விமானத்தில் வந்து இறங்கும் நண்பர்களுக்கும் இது வசதி.

இந்த ரயில்களுக்கு ஒரே கட்டணம், முன்கூட்டி வாங்கினாலும் மலிவாகாது. காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் உள்ள மெஷினில் முத்திரை குத்த மறக்காதீர்கள், பிடிபட்டால் அபராதம். அப்புறம், முந்தின நாளே 'ஷோப்பெரோ', அதாவது வேலைநிறுத்தம், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட ரயில்கள் ஓடும்.

சாப்பாட்டில் மிஸ்ஸோல்தீனி கிடைத்தால் விடாதீர்கள். ஏரி மீனை உப்பிட்டு வெயிலில் காயவைத்து, பிரிஞ்சி இலையோடு அடுக்கி அழுத்தி வைப்பார்கள். சுட்டு, வினிகர் தெளித்து, மக்காச்சோள மாவுப் பொலெந்தாவோடு தட்டில் வரும். கருவாடும் களியும்தான், போங்கள்! சைவர்கள் பிட்சோக்கெரி கேட்கலாம்: பாப்பரை (buckwheat) மாவுப் பாஸ்தா, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், நிறைய சீஸ். சீஸில் விலங்கு ரென்னெட், அதாவது பாலைத் திரிய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள், இருக்கும், அது ஆகாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரானோவில் சிவப்பு பெர்னினா ரயில் ஏறினால் சற்று நேரத்தில் சுவிட்சர்லாந்து. பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகும் விசா அல்லது பெர்மெஸ்ஸோ (இத்தாலியில் தங்கும் அனுமதி) அட்டையும் கையில் இருக்கட்டும். பெர்மெஸ்ஸோவுக்கு விண்ணப்பித்த ரசீது மட்டும் வைத்துக்கொண்டு எல்லை தாண்ட வேண்டாம்.